வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் பயிரையும் பறவைகளையும் சேர்த்துக் காப்பது எப்படி?

ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். பருவந்தோறும் தண்ணீர் ஏறிவிடுகிறது. ஒரு பகுதியில் பயிரும் மேய்ச்சலும், இன்னொரு பகுதியில் நீர்ப்பறவைகள் கூடும் சதுப்பு. கரையை இன்னும் உயர்த்தினால் பிரச்சினை தீருமா, இல்லை நிலத்தை வெள்ளத்துக்கே விட்டுவிட வேண்டுமா என்பது கேள்வி.

இரண்டில் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கரையின் உயரத்தைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது. சேதக் கணக்கைப் பார்த்தால், வந்த நீரின் உயரத்தைவிட அது வடிய எடுத்துக்கொண்ட நாட்கள்தான் பெரும்பாலும் பயிரைக் கொன்றிருக்கும். கரை கட்டச் செலவழிப்பவர்கள் வடிகாலுக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். என் பதிலின் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

மண்ணில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மண்துளைகளில் நீர் நிறைந்ததும் அங்கிருந்த காற்று வெளியேறிவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மிச்சமிருப்பதை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும், வெயில் காலமானால் இன்னும் சீக்கிரம். அதன்பின் வேர் மூச்சுத் திணறும். மண்ணில் இருந்த நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். வளர்ந்த மக்காச்சோளத்தில் முழங்கால் அளவு வெள்ளம் ஏறி இரண்டு நாளில் வடிந்தால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். கணுக்கால் அளவு நீரே ஆனாலும் பத்து நாள் நின்றால் அடியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். பருவமும் அவ்வளவு முக்கியம். குளிர்நாடுகளில் உறக்கத்தில் இருக்கும் புல்வெளி வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அதே புல் துளிர்க்கும் நேரத்தில் மூழ்கினால் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கும்.

காட்டுயிர்களுக்கும் இதே கணக்குதான். இங்கிலாந்தில் ஊஸ் வாஷஸ் என்ற இடம் இதற்கு நல்ல பாடம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்மூடன் முன்னின்று அங்கே ஏறத்தாழ இணையாக இரண்டு கால்வாய்களை வெட்டுவித்தார். முதலாவது 1630களில், இரண்டாவது 1651இல். இரண்டுக்கும் நடுவே 30 கி.மீ.க்கும் மேல் நீளமும் சுமார் ஒரு கி.மீ. அகலமும் கொண்ட நிலத்தை வெள்ளம் தங்குவதற்கென்றே விட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும், ஆயிரக்கணக்கான அன்னங்களும் வாத்துகளும் இறங்கும். கோடையில் தண்ணீர் வடியும், மாடுகள் மேயும், ஈரப் புல்லில் கரைப்பறவைகள் கூடு வைக்கும். முந்நூறு ஆண்டுக்கும் மேலாக ஓடிய ஏற்பாடு இது. 1970களுக்குப் பிறகு வசந்த காலத்திலும் கோடையிலும் வெள்ளம் ஏறுவது கூடியது. குளிர்கால வாத்துகளுக்கு இதனால் பெரிய பாதகமில்லை. தரையில் கூடு வைக்கும் கருவால் மூக்கன் போன்ற பறவைகளின் முட்டைகள்தான் மூழ்கின. நிலமும் ஆறும் அதேதான், நீர் வரும் மாதம் மட்டும் மாறியது. மேய்ச்சல்காரருக்கும் இழப்பு, பறவைக்கும் இழப்பு. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். வளரும் பருவத்தில் நீர் நீண்டநாள் தேங்குவது இருவருக்குமே கெடுதல்.

ஆகவே முதல் வேலை அளப்பது. நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில், வடிகால் மதகை ஒட்டி, கரைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு அளவுகோல்களை நடுங்கள். இரண்டின் சுழியமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அளந்து பயனில்லை. காலையில் இரண்டையும் படித்து எழுதி வைத்தால், வெளியே ஆற்றுமட்டம் உள்ளே இருப்பதைவிட எப்போது இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். மதகைத் திறக்க வேண்டிய நேரம் அது. இருட்டில் தவறவிட்ட ஆறு மணி நேரம் சில சமயம் மூன்று நாள் தேக்கமாக முடியும். கூடவே நிலத்தின் ஏற்ற இறக்கத்தை 10 செ.மீ. உயர இடைவெளியில் வரைபடமாக்கிக் கொள்ளுங்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் வயலில் அரை மீட்டர் வித்தியாசம் சாதாரணம். அந்த அரை மீட்டர்தான் எதை எங்கே விதைப்பது என்று சொல்லும்.

இப்போது கரைக்கு வருகிறேன். வீடு, தொழுவம், தானியக் கிடங்கு, மின்மாற்றி, குடிநீர்க் கிணறு இவற்றைச் சுற்றிக் கரையோ மேடோ வேண்டும், அதில் தயக்கமில்லை. மொத்தத் தாழ்நிலத்தையும் ஒரே உயர்ந்த கரையால் மூடிவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படி மூடினால் இரண்டு மாற்றங்கள் மெல்ல நடக்கும், ஒரு தலைமுறை கழித்துத்தான் கண்ணில் படும். வெளியே, ஆறு கொண்டுவரும் வண்டல் பரவ இடமில்லாமல் ஆற்றுப் படுகையிலேயே படிந்து படுகை உயரும். உள்ளே, வண்டல் கிடைக்காத நிலம் உயராமல் நின்றுவிடும். கரிமண்ணாக, அதாவது பாதி மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்ணாக இருந்தால், வடித்த பிறகு காற்றுப்பட்டு மக்கிச் சுருங்கி இறங்கவே செய்யும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் 1850களின் தொடக்கத்தில், பக்கத்து ஏரியை வடித்த காலத்தில், ஓர் இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே தெரிகிறது. பக்கத்தில் நிற்பவரின் தலைக்கு மேல் இன்னொரு ஆளுயரம். தூண் ஓர் அங்குலம்கூட எழவில்லை, நிலம்தான் அவ்வளவு இறங்கிப் போனது.

படுகை உயர்ந்து நிலம் தாழ்ந்த இடத்தில் கரை உடைந்தால் ஆறு திரும்பத் தன் வழிக்குப் போகாது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தபோது நடந்தது அதுதான். அன்று ஆற்றில் ஓடிய நீர், அந்தக் கரைகள் தாங்க வேண்டிய அளவில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் ஆறு பழைய தடம் ஒன்றில் புகுந்து நேபாளத்திலும் பீகாரிலும் லட்சக்கணக்கான மக்களை இடம்பெயரச் செய்தது. கரை உயரமாக இருந்தது, பராமரிப்பும் வண்டல் கணக்கும்தான் தவறின. கரையை நம்பி அதன் அடிவாரம் வரை வீடும் பயிரும் வந்துவிடுவதால், உடையும் நாளில் இழப்பு பல மடங்காகிவிடுகிறது.

எனவே பெருவெள்ளம் எப்படியும் உள்ளே வரும் என்று ஒப்புக்கொண்டு, எங்கே எப்படி வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வதுதான் நல்லது. இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. கரையில் வேண்டுமென்றே தாழ்த்திய பகுதி, அதாவது கலிங்கு போன்ற வழிவு, நிலத்தின் கீழ்க்கோடியில், ஆற்றோட்டம் வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேல்கோடியில் வைத்தால் நீர் முழு வேகத்தோடு பாய்ந்து மேல்மண்ணை அரித்து, பள்ளம் பறித்து, மணலைக் கொட்டிவிட்டுப் போகும். கீழ்க்கோடி வழியாக வந்தால் நீர் பின்னோக்கி மெதுவாக ஏறும். உள்ளும் புறமும் மட்டம் கிட்டத்தட்ட சமமான பிறகு மற்ற இடங்களில் கரை வழிந்தாலும் அரிப்பு குறைவு. வேகம் குறைந்த நீரிலிருந்து நுண்ணிய வண்டல் படியும், அது நிலத்துக்கு உரம். வழிவின் சரிவுகள் மென்மையாக இருக்க வேண்டும், அடர்ந்த புல் போர்த்தியிருக்க வேண்டும், வேகம் அதிகமென்றால் கல் பாவ வேண்டும். கரைமேல் பெரிய மரங்களை விடாதீர்கள். மரம் சாய்ந்தால் வேரோடு கரையும் பெயரும். வளை தோண்டும் எலி, நண்டு, முள்ளம்பன்றி வளைகளை வெள்ளத்துக்கு முன்பே தோண்டிக் களிமண் இட்டு இறுக்கி மூடுங்கள்.

நீர் வேகமாகப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 மே 2 சாட்சி. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பெருகியபோது கைரோ நகரையும் மற்ற கரைகளையும் காக்க, மிசூரி மாநிலத்தின் பேர்ட்ஸ் பாயிண்ட் கரையை ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துத் திறந்தார்கள். சுமார் 53,000 ஹெக்டேர் நிலம் மூழ்கியது. நீர் பாய்ந்த இடத்தில் ஆழமான குழிகளும் மணல் மேடுகளும் உருவாயின. மற்ற பகுதிகளில் நீர் வடிந்ததும் அந்த ஆண்டே பல வயல்களில் சோயா விதைத்தார்கள். திட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது, நிலத்தின் மீது வெள்ளம் விடும் உரிமையையும் அரசு முன்கூட்டியே வாங்கியிருந்தது. ஆனால் வாசல் வெடிமருந்துதான்.

இதற்கு எதிர்முனையில் கலிபோர்னியாவின் யோலோ பைபாஸ். சாக்ரமென்டோ ஆற்றின் வெள்ளத்துக்காக ஒதுக்கிய சுமார் 24,000 ஹெக்டேர் நிலம். 1924இல் கட்டி முடித்த ஃப்ரீமாண்ட் வழிவணை வழியாக, ஆறு ஓர் அளவைத் தாண்டியதும் யாரும் உத்தரவிடாமலேயே நீர் உள்ளே இறங்கும். பெருவெள்ளத்தில் ஆற்றின் முதன்மைத் தடத்தைவிடப் பல மடங்கு நீர் இந்த வழியாகத்தான் போகிறது. உள்ளே நிரந்தர வீடுகள் இல்லை. வெள்ளம் பெரும்பாலும் குளிர்காலத்தில் வருவதால் வசந்தத்தில் நிலம் காய்ந்ததும் நெல், தக்காளி, குசும்பா விதைக்கிறார்கள். 1997இல் அதன் ஒரு பகுதி காட்டுயிர்ப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலைப் பாலத்தின் மீது வண்டிகள் ஓட, கீழே அறுவடை முடிந்த வயலில் நிற்கும் நீரில் பறவைகள் மேய்கின்றன. அந்த ஆழமற்ற நீரில் சால்மன் குஞ்சுகள் ஆற்றின் முதன்மைத் தடத்தில் வளர்வதைவிட வேகமாக வளர்கின்றன என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். வைக்கோல் மட்கும் நீரில் நுண்ணுயிர் மிதவைகள் பெருகுவதும், நீர் வெதுவெதுப்பாக நிற்பதும் காரணம். அங்கேயும் தகராறு உண்டு. மீனுக்காக நீரை அதிக நாள் வைக்கச் சொன்னால் விதைப்பு தள்ளிப்போகும் என்று விவசாயிகள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. தேதியைப் பேசித் தீர்க்காமல் அந்த ஏற்பாடு நிலைக்காது.

உள்ளே விடுவது பாதி வேலைதான். வெளியேற்றுவதில்தான் நிலம் தப்புகிறது. இங்கிலாந்தின் சோமர்செட் தாழ்நிலத்தில் 2013 டிசம்பரில் தொடங்கிய வெள்ளம் அடுத்த ஆண்டும் வாரக்கணக்கில் நீடித்தது. சுமார் 65 சதுர கி.மீ. மூழ்கியது. அங்கே ஆறுகள் கரைகளுக்கு நடுவே சுற்று நிலத்தைவிட உயரமாக ஓடுகின்றன, சரிவு மிகக் குறைவு, கடல் ஏற்றம் வரும்போது ஆறு வெளியே போக முடியாமல் நிற்கும். உள்ளே ஏறிய நீர் தானாக வடிய வழியே இல்லை. நெதர்லாந்திலிருந்து பெரிய பம்புகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன்பின் 2014இல் பேரட், டோன் ஆறுகளில் 8 கி.மீ. தூர் வாரினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தூர் வாருவது பெருவெள்ளத்தைத் தடுத்துவிடாது, நீர் வடியும் நாட்களைக் குறைக்கும். தூர் வாரும் கோரிக்கை வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து கேட்க வேண்டும்.

சிறிய அளவில் நீங்கள் செய்யக்கூடியது இது. நிலத்தின் தாழ்ந்த மூலை வரை உள்வாய்க்கால் ஒரே சீரான சரிவில் இருக்கட்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அதற்கு மேலே உள்ள வயல் முழுவதும் குளமாகும். வெளியேறும் குழாயில் ஒருவழிக் கதவு வையுங்கள். ஆற்றுமட்டம் உயர்ந்தால் தானாக மூடும், இறங்கினால் உள்நீரின் அழுத்தத்தில் தானாகத் திறக்கும். அதில் ஒரு மரக்கிளை சிக்கினால்கூட மூடாது. ஆகவே முன்னால் குப்பைக் கம்பி வேண்டும், பருவம் தொடங்குமுன் கையால் தள்ளிப் பார்த்துவிட வேண்டும். குழாயின் வெளிவாயில் வண்டல் மேடிட்டிருந்தால் கதவு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பம்பை மேட்டில் வையுங்கள், எரிபொருளும் அங்கேயே இருக்கட்டும். ஆற்றுமட்டம் இன்னும் உயரமாக இருக்கும்போது கரையின் உட்பக்க நீரை மிக வேகமாக இறைத்து வற்றவைக்காதீர்கள். இரு பக்க மட்ட வேறுபாடு கூடினால் கசிவு கூடி கரையே ஆபத்தில் விழும்.

சதுப்புப் பகுதிக்கு வேறு கதவு. அங்கே பலகை அடுக்கும் மதகுதான் சிறந்தது. பள்ளத்தில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, ஒரு பலகையை எடுத்தால் அந்த அகலத்துக்கு மட்டும் நீர் இறங்கும்படி செய்வது. பறவைகளுக்கு ஆழம் மிக முக்கியம். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் ஈரச் சேற்றிலும் 10 செ.மீ.க்குக் குறைந்த நீரிலும்தான் மேயும். தலையை மட்டும் முக்கி மேயும் வாத்துகளுக்கு 30 செ.மீ. வரை போதும். அதைவிட ஆழமானால் மூழ்கி மேயும் சில இனங்களுக்குத்தான் பயன். ஒரே நாளில் எல்லாப் பலகையையும் உருவினால் சேறு வெயிலில் இறுகி, புழுக்களும் சிப்பிகளும் செத்து, ஒரு வாரத்தில் பறவை ஒன்றும் இருக்காது. நாளுக்கு இரண்டு மூன்று செ.மீ. என்று இறக்கினால் தினமும் புதிதாக ஒரு சேற்று விளிம்பு வெளிப்படும். பறவைகள் வாரக்கணக்கில் அந்த விளிம்பைப் பின்தொடரும். வெளிப்பட்ட ஈரத்தில் காட்டுத்தினை வகைகள் முளைத்து விதை கொடுக்கும். அடுத்த பருவத்தில் நீர் ஏறும்போது அந்த விதைதான் வாத்துகளின் தீனி. கடைசிப் பள்ளம் வற்றுமுன் அதிலிருந்து ஆற்றுக்கு ஒரு சிறு வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளத்தோடு வந்த மீன்குஞ்சுகள் அங்கேயே சிக்கிச் சாகும்.

பயிரைப் பொறுத்தவரை, உங்கள் உயர வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம். ஆண்டுதோறும் மூழ்கும் மிகத் தாழ்ந்த பட்டையில் ஓராண்டுப் பயிரை வைத்து ஒவ்வோர் ஆண்டும் இழப்பதைவிட, ஈரம் தாங்கும் நிரந்தரப் புல், கோரை, மூங்கில், வில்லோ போன்றவற்றை வைப்பது நல்லது. மண்ணை உழாததால் வெள்ளம் மேல்மண்ணை அள்ளிப் போகாது, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே நீரின் வேகம் உடையும். அடுத்த பட்டையில், வெள்ளத்துக்கு முன் அறுவடையாகும் அல்லது வடிந்தபின் விதைக்கும் குறுகிய காலப் பயிர். மேட்டில் மட்டும் நீண்டகாலப் பயிரும் பழமரமும்.

நெல் விளையும் இடமானால் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. ஒடிசாவைச் சேர்ந்த எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து கிடைத்த சப்-1 மரபுப் பகுதியை, பரவலாகப் பயிரிடும் ரகங்களில் கலப்பின முறையில் சேர்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2009இல் வெளிவந்த ஸ்வர்ணா-சப்1 அப்படிப்பட்டது. மூழ்கியதும் இந்தப் பயிர் உயர முயலாது. வளர்ச்சியை நிறுத்தி, சேமித்த மாவுச்சத்தைக் காத்து, சுமார் இரண்டு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தபின்னும் துளிர்க்கும். ஆழநீர் நெல் இதற்கு நேர்மாறு. நீர் ஏற ஏற அதுவும் நீண்டு தலையை வெளியே வைத்துக்கொள்ளும். முதலாவது வந்து வடியும் திடீர் வெள்ளத்துக்கு, இரண்டாவது மாதக்கணக்கில் நிற்கும் மெதுவான வெள்ளத்துக்கு. இடம் மாற்றி விதைத்தால் இரண்டும் தோற்கும். நீர் எத்தனை நாள் நிற்கிறது என்ற பதிவு இங்கேயும் தேவைப்படுகிறது.

வெள்ளக் காலத்தை எதிர்க்காமல் அதைச் சுற்றிச் சாகுபடி ஆண்டையே அமைத்துக்கொண்ட இடம் கேரளத்தின் குட்டநாடு. கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள பாடசேகரங்களில், அதாவது கரை சூழ்ந்த வயல் தொகுதிகளில், மழைக்காலத்தில் நீர் நிற்க விடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் ஒரு பாடசேகரத்தின் விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் நீரை இறைத்து, புஞ்சை நெல் விதைத்து, கோடையில் அறுக்கிறார்கள். நீர் நிற்கும் மாதங்களில் மீன் வளர்ப்பவர்களும் உண்டு. ஒருவர் மட்டும் தன் வயலை வடிக்க முடியாது என்பதால் கூட்டு முடிவு அங்கே கட்டாயம். ஆனால் குட்டநாட்டிலும் வெளிக்கரை உடைந்தால் முழுப் பயிரும் ஒரே இரவில் போகிறது. குறையில்லாத ஏற்பாடு என்று அதைச் சொல்லவில்லை. நாள்காட்டியை நீரோடு பொருத்துவது எப்படி என்பதற்கு அது உதாரணம்.

வெள்ளத்தை முழுதாகத் தடுத்தால் காட்டுயிர் பிழைக்கும் என்ற எண்ணமும் தவறு. அசாமின் காசிரங்காவில் பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் ஏறுவதால்தான் பீல்கள் எனப்படும் ஆழமற்ற ஏரிகள் நிறைகின்றன, ஆகாயத்தாமரை அடித்துச் செல்லப்படுகிறது, மீன் திரும்புகிறது, உயரமாக வளரும் புல்வெளி காடாக மூடிப்போகாமல் காண்டாமிருகத்துக்கும் சதுப்பு மானுக்கும் மேய்ச்சலாக நிலைக்கிறது. அதே வெள்ளம் அளவு மீறினால் கொல்லவும் செய்கிறது. 2017இல் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் இறந்தன. அங்கே செய்வது இரண்டு. பூங்காவுக்குள் மண்மேடுகள் எழுப்புகிறார்கள், விலங்குகள் ஏறி நிற்க. தெற்கே கார்பி மலைக்குப் போகும் வழித்தடங்களில், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில், வெள்ள நாட்களில் வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். என் கருத்தில் இரண்டாவதுதான் முதன்மை. மேடு சில நாளுக்கான புகலிடம். அங்கே தீனி தீர்ந்துவிடும், பல இனங்கள் நெருங்கி நிற்க வேண்டியிருக்கும். வழித்தடம் திறந்திருந்தால் விலங்குகள் தாமே நேரத்தோடு கிளம்பிவிடும். உங்கள் நிலம் சிறியதாக இருக்கலாம். ஆனாலும் சதுப்பிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதையில் வேலி இருந்தால் வெள்ளப் பருவத்தில் அதைத் திறந்து வையுங்கள். முயலும் பாம்பும் ஆமையும் ஏறிப் போக, கரைக்கு ஓரமாக உள்ள தனி மேட்டில் சில இடங்களில் புதரை விட்டு வையுங்கள், கரைமேல் அல்ல.

கலிபோர்னியாவின் கோசும்னஸ் ஆற்றில் 1985இல் ஒரு கரை உடைந்து வயலில் மணல் பரவியது. அந்த மணலில் காட்டன்வுட், வில்லோ விதைகள் முளைத்து சில ஆண்டுகளில் தோப்பாகவே எழுந்தன. நட்டவர் யாருமில்லை. அதைப் பார்த்தபின் 1995இல் அருகிலேயே வேண்டுமென்று கரையைத் திறந்தார்கள். இந்த மரங்களின் விதை சில வாரமே உயிரோடிருக்கும். வெள்ளம் வடியும் ஈர மணலில் விழுந்து, நிலத்தடி நீர் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. வேகத்தைவிட மெதுவாக இறங்கினால்தான் இளவேர் அதைப் பின்தொடர்ந்து பிழைக்கும். ஆற்றங்கரைக் காடு வேண்டுமென்றால் கன்று நடுவதற்கு முன் நீர் இறங்கும் வேகத்தைக் கவனியுங்கள்.

வெள்ளம் நிற்கும் நாட்களுக்குச் சில குறிப்புகள். கரையின் உட்புறத் தரையில் நீர் குமிழியிட்டு வந்தால் அது தெளிவாக இருக்கிறதா, மண்ணோடு வருகிறதா என்று பாருங்கள். மண்ணோடு வந்தால் கரைக்கு அடியில் குழாய் போல அரித்துக்கொண்டிருக்கிறது. அதை அடைக்க முயலாதீர்கள், அடைத்தால் பக்கத்தில் பீறிடும். சுற்றிலும் வட்டமாக மணல்மூட்டை அடுக்கி உள்ளே நீர்மட்டத்தை உயர்த்துங்கள், மண் வருவது நின்று தெளிநீர் மட்டும் கசியும் வரை. கால்நடைகளை முன்னறிவிப்பு கிடைத்த அன்றே நகர்த்துங்கள். வடிந்தபின் வயலில் கால் வைக்க அவசரப்பட வேண்டாம். ஈர மண்ணில் டிராக்டர் ஏறினால் மண் இறுகிப் போகும், அதைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும். ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும், அதுவரை பொறுங்கள். வண்டல் ஒட்டிய புல்லில் மாட்டை உடனே விடாதீர்கள். கல்லீரல் புழுவும் எலிக்காய்ச்சலும் இந்த நேரத்தில்தான் பரவும். வெயில் காலத்தில் தேங்கிய நீரில் வாத்துகள் கழுத்துத் தொங்கிச் செத்துக் கிடந்தால் நச்சுக் கிருமியாக இருக்கலாம். சடலங்களைக் கையுறையோடு உடனே அகற்றுங்கள், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, யார் தாங்குவது என்ற கேள்வி. உங்கள் நிலம் நீரைத் தாங்கினால் கீழே உள்ள ஊர் தப்புகிறது. அந்தச் சேவைக்கு விலை உண்டு, வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணமாகக் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 1995இல் கரைகள் உடையும் அச்சத்தில் சுமார் 2,50,000 பேரை வெளியேற்றிய பிறகு, ஆறுகளுக்கு இடம் விடும் திட்டம் வந்தது. அதில் ஓவர்டீப்ஸே போல்டர் என்ற, கரை சூழ்ந்த தாழ்நிலத்தின் விவசாயிகள் காத்திருக்கவில்லை. வெள்ளம் தங்கட்டும், ஆனால் எங்கள் பண்ணைகளை உயர்ந்த மேடுகளில் கட்டித் தாருங்கள் என்று அவர்களே திட்டம் வரைந்து கொடுத்தார்கள். சில குடும்பங்கள் ஈடு பெற்று வேறிடம் போயின. மற்றவர்கள் சுமார் 6 மீட்டர் உயர மேடுகளில் தொழுவத்தோடும் வீட்டோடும் இருக்கிறார்கள், கீழே மேய்ச்சல். ஆற்றின் பக்கக் கரையைத் தாழ்த்திவிட்டார்கள்.

உங்கள் இடத்தில் அத்தனை பெரிய திட்டம் வராமல் இருக்கலாம். ஆனாலும் மேல்மடை, கீழ்மடை விவசாயிகள், பாசனத் துறை, வனத்துறை எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். அளவுகோலில் எந்தக் கோட்டைத் தொட்டால் எந்த மதகு திறக்கும், சாவி யாரிடம், அவர் இல்லாதபோது யார், எந்தத் தேதிக்குள் வயல் வடிந்திருக்க வேண்டும், முட்டையிடும் மாதங்களில் எந்தப் பலகையைத் தொடக்கூடாது, பயிர் போனால் ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வறண்ட பருவத்திலேயே அதை எழுதி முடித்து, ஒரு பிரதியை மதகுச் சாவி இருக்கும் வீட்டில் வையுங்கள்.